தெளிந்த நீரும் தூய நீரும் – நம் தோட்டத்துத் தண்ணீரின் வரலாறு

திருவள்ளுவப் பெருந்தகை தம் நூலில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பு என்னும் அதிகாரத்தை வைத்தார். அரசனைப் பற்றியும் பொருளைப் பற்றியும் பேசுவதற்கு முன்பே மழைக்குப் பத்துக் குறளை ஒதுக்கிவிட்டார். தண்ணீரின் பெருமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆனால் இன்று நம் மாணவச் செல்வங்களைப் பார்த்து, "தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால், பெரும்பாலோர் "பைப்பிலிருந்து, சார்!" என்றுதான் பதில் சொல்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. பிறந்த நாள் முதல் அவர்கள் கண்டது குழாயைத்தானே! திருகினால் வருகிறது, மூடினால் நிற்கிறது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசிக்க அவர்களுக்கு வேலையில்லை.

அந்தக் குழாய்க்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் நம் பாட்டன் பூட்டன்மாரின் வியர்வையும் இருக்கிறது. அவர்களில் பலருடைய உயிரும் இருக்கிறது. பரிசளிப்பு விழா மலரைக் கையில் எடுக்கும் பெற்றோர்களும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும் என்று அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

நல்ல தண்ணீர் எது என்று கேட்டால் அந்தக் காலத்து ஆட்கள் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "கலங்காம, தெளிவா இருக்கணும்." தமிழ்நாட்டுக் கிராமங்களில் கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்ப்பார்கள். சிறிது நேரத்தில் மண்ணும் தூசும் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும். நம் முன்னோர் கண்ட அருமையான வழி அது. இன்று பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரத்தைக் கலந்து செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

ஆனால் தெளிந்த நீரிலும் எமன் இருக்கலாம் என்பதை உலகம் மிகவும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டது.

1854-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் ஒரு வட்டாரத்தில் வாந்திபேதி பரவி 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காற்றில் வீசும் துர்நாற்றத்தால்தான் இந்நோய் வருகிறது என்று அப்போது பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் வேறுவிதமாக யோசித்தார். யார் யார் இறந்தார்கள், அவர்கள் எங்கே தண்ணீர் பிடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெரு என்ற இடத்தில் இருந்த ஒரே பம்பின் நீரைக் குடித்தவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பார்வைக்கு அந்த நீர் மோசமாக இருக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1884-இல், ஜெர்மானிய அறிஞர் ரோபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்தார். மக்கள் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் குடிப்பதற்கும் பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலேயே வாந்திபேதிக் கிருமியைக் கண்டுபிடித்துக் காட்டினார். ஸ்னோ எண்ணிக்கையால் காட்டியதைக் கோக் நுண்பெருக்கியால் காட்டினார். பகைவன் யாரென்று அன்று தெரிந்தது. ஆனால் அறிவு கிடைத்ததும் தண்ணீர் கிடைத்துவிடவில்லை. நம் பகுதியின் வரலாறே அதற்குச் சாட்சி.

சிங்கப்பூரில் ஒரு கொடையாளர்

முதலில் சிங்கப்பூரைப் பார்ப்போம். அங்கே கிரேத்தா ஆயேர் என்று ஓர் இடம் உண்டு. மலாய் மொழியில் அதற்குத் தண்ணீர் வண்டி என்று பொருள். அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில்தான் ஊருக்குத் தண்ணீர் வந்தது என்பதை அந்தப் பெயரே சொல்கிறது.

1857-ஆம் ஆண்டில் டான் கிம் செங் என்ற சீனச் செல்வர், நகருக்குக் குழாய் நீர் கொண்டுவர 13,000 வெள்ளி நன்கொடை கொடுத்தார். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. ஆனால் காரியம் நினைத்தபடி நடக்கவில்லை. தோம்சன் சாலை நீர்த்தேக்கம் 1868-இல்தான் கட்டி முடிந்தது. முடிந்த பிறகும் நீரை இறைக்கும் பம்புகளும் நகருக்குக் கொண்டுபோகும் குழாய்களும் தயாராகாததால், 1870-களின் பிற்பகுதி வரை மக்கள் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில், 1873-இல், சிங்கப்பூரில் வாந்திபேதி பரவியது. அதன் விளைவாக 1874-இல் செயின்ட் ஜோன்ஸ் தீவில் நோய்த்தடுப்பு முகாம் திறந்தார்கள். பின்னாளில் கப்பலில் வந்த நம்மவர் எத்தனையோ பேர் தங்கவைக்கப்பட்ட அதே தீவுதான் இது.

டான் கிம் செங்கின் பெயரில் 1882-இல் நகராட்சி ஓர் அழகான நீரூற்றை அமைத்தது. இன்றும் அது இருக்கிறது. அந்த நீர்த்தேக்கத்துக்கு 1922-இல் மெக்ரிச்சி என்று பெயர் மாற்றினார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. நல்ல மனம் படைத்த ஒருவர் பணம் கொடுத்தார், அது போற்றத்தக்கது. ஆனாலும் தண்ணீர் வர இருபது ஆண்டுகள் பிடித்தன. கொடை மட்டும் போதாது. "இது என் கடமை" என்று பொறுப்பேற்று முடிக்க ஓர் ஆள், ஓர் அமைப்பு வேண்டும். அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தோட்டங்களில் பார்க்கலாம்.

தோட்டம் வந்தது, ஆட்கள் வந்தார்கள்

1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் வாணிக நோக்கத்தோடு ரப்பர் பயிரிட்டார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் காடுகள் அழிந்து கித்தாத் தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் மக்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்து இறங்கினார்கள். கங்காணி முன்னே நடக்க, மூட்டை முடிச்சோடு லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்த இடத்தில் தண்ணீர்? பக்கத்தில் ஓடும் சுங்கை, அல்லது லயத்துக்குப் பக்கத்தில் தோண்டிய கிணறு, அல்லது கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பிடித்துவைத்த பீப்பாய். கிணற்றுக்கு விளிம்புச் சுவர் இருந்தால் பெரிய காரியம். மழை பெய்தால் மேட்டிலுள்ள அசுத்தமெல்லாம் கிணற்றுக்குள் இறங்கும். கழிவறை இல்லாத லயங்களில் மக்கள் ஒதுங்கிய இடமும் தண்ணீர் எடுத்த இடமும் அருகருகே இருந்தன. வேலை முடிந்து வரும் பெண்களும், அவர்களுக்குத் துணையாகப் பிள்ளைகளும், காண்டாக் கம்பின் இரு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் தூக்கி வந்தார்கள்.

அந்த நாளின் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 1911-ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களாகிய பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவற்றின் தோட்டங்களில் 143,614 தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்த ஒரே ஆண்டில் அவர்களில் 9,040 பேர் இறந்தார்கள். அதாவது ஆயிரம் பேரில் 63 பேர்.

பிள்ளைகளே, எண்ணைப் பார்த்தால் மனத்தில் பதியாது. ஆயிரம் பேர் வாழும் ஒரு தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 52 வாரங்கள். 63 சாவுகள். வாரம் தவறாமல் ஒரு பாடை, சில வாரம் இரண்டு. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிழவர்களும் அல்லர். வேலைக்கென்று கப்பலேறி வந்த வாலிப வயதுக்காரர்கள். மலேரியாக் காய்ச்சலும் சீதபேதியும் வயிற்றுப்போக்கும்தான் அவர்களை அதிகமாகக் கொண்டுபோயின. மூன்றுக்கும் தண்ணீரோடு தொடர்பு உண்டு.

கிள்ளான் டாக்டரும் தெளிந்த ஓடையும்

மலேரியாவுக்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். 1897-இல் இந்தியாவின் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் என்ற மருத்துவர், மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதைக் கண்டுபிடித்தார். கொசுவோ தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. ஆகவே தண்ணீரைச் சரிசெய்தால் காய்ச்சலைத் தடுக்கலாம்.

இந்த அறிவைக் கையில் எடுத்துக்கொண்டு 1901-இல் கிள்ளானுக்கு வந்தவர் டாக்டர் மால்கம் வாட்சன். அவ்வாண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று சொல்லும் ஊர் அது. திறந்த கையோடு காய்ச்சல் பரவி, துறைமுகமே நின்றுபோகும் நிலை வந்தது. வாட்சன் சதுப்பு நிலங்களை வடியவைத்தார். கால்வாய் வெட்டினார், ஊரை ஒட்டிய காட்டை அழித்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902-இல் அது 59 ஆகக் குறைந்தது, 1905-இல் 45. வெட்டிய கால்வாய்தான் செய்த வேலை! அந்தக் காலத்தில் மண்வெட்டி பிடித்த கூலிகளில் நம்மவர் எவ்வளவு பேர் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. கடற்கரைச் சமவெளியில் வெற்றி தந்த இந்த முறையை மேட்டு நிலத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் குறையவில்லை; சில இடங்களில் கூடியது! ஏன்? சமவெளியில் காய்ச்சலைப் பரப்பிய கொசு, நிழல் விழும் கலங்கிய காட்டுக் குட்டைகளில் வாழ்வது. காட்டை அழித்தால் அது போய்விடும். மேட்டு நிலத்துக் கொசு வேறு சாதி. வெயில் படும், சலசலவென்று ஓடும், கண்ணாடி போல் தெளிந்த ஓடைகளில்தான் அது முட்டையிடும். காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியதால் அதற்கு வீடு கட்டிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

பாருங்கள், எவ்வளவு பெரிய பாடம்! லயத்துக்குப் பக்கத்தில் தெளிந்த ஓடை இருந்தால் நல்ல இடம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த ஓடைதான் ஆளைக் கொன்றது.

1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாட்சன் இதற்கும் வழி கண்டார். ஓடை நீரை மண்குழாய்களில் விட்டு நிலத்துக்கு அடியில் ஓடச் செய்தார். பிறகு நீரின்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் வந்தது. முதுகில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்துகொண்டு அலூரு அலூராகத் தெளித்துக்கொண்டு போன ஆட்களை நம் தாத்தா பாட்டிமார் நன்றாக அறிவார்கள். அவர்களுக்கு யாரும் மாலை போட்டதில்லை. ஆனால் அவர்கள் காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை.

பள்ளியும் தண்ணீரும் ஒரே சட்டத்தில்

ஆள் செத்தால் வேலை நிற்கும். வேலை நின்றால் பால் வராது. அதனால் சில துரைமார் தாமாகவே தோட்டத்தைச் சுத்தப்படுத்தினார்கள். பலர் செலவுக்கு அஞ்சிச் சும்மா இருந்தார்கள். ஆகவே சட்டம் வர வேண்டியதாயிற்று. இந்தியாவிலும் இந்தச் சாவுக் கணக்கைப் பார்த்துக் கண்டனம் எழுந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது.

பின்னர் வந்த தொழிலாளர் சட்டங்கள், குறிப்பாக 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, முதலாளியின் கடமைகளை வரிசைப்படுத்தின. தங்குவதற்கு ஏற்ற வீடு, போதுமான நல்ல குடிநீர், கழிவறை, மருத்துவ வசதி ஆகியவற்றை முதலாளி செய்து தர வேண்டும். அதே சட்டத்தில்தான் இன்னொன்றும் இருந்தது: பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளுக்குமேல் உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் குடிநீரும் ஒரே சட்டத்தின் பிள்ளைகள்! இரண்டையுமே யாரும் மனமுவந்து கொடுத்துவிடவில்லை. "கொடுத்தே ஆக வேண்டும்" என்று எழுதிவைத்த பிறகுதான் வந்தன. எழுதிவைத்த பிறகும் ஒழுங்காக வந்ததா என்றால், அது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது. ஆட்டுக் கொட்டகைபோல் பள்ளிக்கூடம் வைத்த தோட்டமும் உண்டு. நாலு லயத்துக்கு ஒரே பொதுக்குழாய் போட்டு, "தண்ணி கொடுத்தாச்சு" என்று கணக்கு எழுதிய தோட்டமும் உண்டு.

சயாம் காட்டில் கற்ற பாடம்

நல்ல தண்ணீரை ஒரு மனிதனிடமிருந்து பறித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே கொடுமையான சாட்சி ஒன்று இருக்கிறது. அதுதான் சயாம் மரண ரயில்.

ஜப்பானியர் ஆட்சியில், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை அந்தக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1943-இல் மழைக்காலம் தொடங்கியதும் ஆற்றோர முகாம்களில் வாந்திபேதி பரவியது.

அதே காட்டில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் இருந்தார்கள். அவர்களும் பட்டினி கிடந்தார்கள், அடி வாங்கினார்கள், ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஆனால் அவர்களிடையே மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது, சாப்பாட்டுத் தட்டையும் கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். நம் மக்களுக்குச் சொல்ல ஆளில்லை. கவனிக்க மருத்துவர் இல்லை. முகாமில் ஒழுங்கான கழிவறை இல்லை. ஆற்று நீரை அள்ளி அப்படியே குடித்தார்கள். தோட்டத்து ஆட்களிடையே சாவு மிக அதிகமாக இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கொதிக்கவைத்த ஒரு குவளை நீர்! அதற்கு வேண்டியது கொஞ்சம் விறகும், ஒரு பாத்திரமும், சொல்லித்தர ஓர் ஆளும்தான். அந்த மூன்றும் இல்லாமல் போன குடும்பங்கள் எத்தனை! "தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பி வரல" என்று சொல்லும் வீடுகள் நம் வட்டாரத்தில் இன்றும் உண்டு.

குழாய் வந்த காலம்

போர் முடிந்து, 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றது. பட்டணங்களிலும் கம்பங்களிலும் அரசாங்கம் குழாய் போட்டது. பொதுப்பணித் துறையை ஜே.கே.ஆர். என்று சொல்லுவோம், ஆகவே அந்தத் தண்ணீருக்கு "ஜே.கே.ஆர். தண்ணி" என்றே பெயர் வந்தது. 1970-களில் சுகாதார அமைச்சின் கிராமத் திட்டங்கள் மூலம் கிணறு, குழாய், கழிவறை ஆகியவை உட்பகுதிகளுக்கும் போயின.

தோட்டங்கள் மட்டும் பின்தங்கின. தோட்டம் தனியார் நிலம். அரசாங்கத்தின் கிராம வளர்ச்சித் திட்டம் அதன் வாசலோடு நின்றுவிடும். உள்ளே கொண்டுவருவது முதலாளியின் பாடு. அதனால் பக்கத்துக் கம்பத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகும், பல தோட்டங்களில் மக்கள் பொதுக்குழாயடியில் வாளியை வரிசை வைத்துக்கொண்டு நின்றார்கள். குறிப்பிட்ட நேரம்தான் தண்ணீர் விடுவார்கள். பெரட்டுக்குப் போகும் முன் பிடித்துவைக்க வேண்டும். பிடிக்க முடியாதவர் பாடு திண்டாட்டம்தான். குழாயடிச் சண்டை என்று இன்று நாம் சிரித்துக்கொண்டு சொல்கிறோம். நின்று பார்த்தவர்களுக்கு அது சிரிப்பு அல்ல.

1966-இல் தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-இல் இயற்றிய சட்டம், தொழிலாளிக்குப் போதிய குழாய் நீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று கூறுகிறது. 1911-ஆம் ஆண்டின் சாவுக் கணக்கிலிருந்து எண்ணிப் பாருங்கள். இந்த இடத்துக்கு வர எத்தனை தலைமுறை ஆயிற்று!

வகுப்பறையில் ஒரு பாட்டில்

இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது? என் அனுபவத்தில் ஒரு சிறிய சோதனை நன்றாக உதவுகிறது. ஆசிரியர் நண்பர்களும் பெற்றோர்களும் செய்து பார்க்கலாம்.

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டி எடுத்துவிட்டுத் தலைகீழாக நிறுத்துங்கள். வாய்ப்பகுதியில் பஞ்சு, அதன்மேல் பொடித்த கரி, அதன்மேல் கழுவிய மணல், எல்லாவற்றுக்கும் மேலே சிறு கற்கள். பள்ளிக்கூடத் திடலில் தேங்கிய கலங்கல் நீரை மெதுவாக ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாகத் தெளிந்த நீர் கீழே விழும். பிள்ளைகளுக்கு அப்போது வரும் மகிழ்ச்சி இருக்கிறதே! கைதட்டுவார்கள். கட்டாயம் ஒருவன் கேட்பான்: "சார், குடிக்கலாமா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பாடமே. "குடிக்கக் கூடாது" என்று சொன்னால், "தெளிவாத்தானே இருக்கு, சார்?" என்று வாதாடுவார்கள். அப்போதுதான் ஸ்னோவையும் கோக்கையும் வாட்சனின் ஓடையையும் சொல்ல வேண்டும். மணல் அழுக்கைப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமி அதைத் தாண்டி வந்துவிடும். சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டிய பிறகும் குளோரின் சேர்ப்பது அதனால்தான். வீட்டிலே என்றால், தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிவைத்து ஆறவைத்துக் குடிக்க வேண்டும்.

பிறகு பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளை எழுதச் சொல்லுவேன். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? வரும் வழியில் அதில் என்ன கலந்திருக்கலாம்? அதைச் சுத்தமாக வைத்திருப்பது யார் பொறுப்பு? முதல் இரண்டுக்கும் அறிவியல் பாடத்தில் பதில் உண்டு. மூன்றாவது கேள்விக்கு வரலாற்றைத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும்.

வீட்டுப்பாடமாக, தாத்தா பாட்டியிடம் அந்தக் காலத்தில் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டு எழுதி வரச் சொல்லலாம். கிணற்றங்கரை, காண்டா வாளி, ஆற்றில் துவைத்த துணி, மழைத் தண்ணீர்ப் பீப்பாய், எண்ணெய் தெளிக்க வந்த ஆள் என்று எத்தனையோ செய்திகள் வரும். எந்தப் பாடநூலிலும் அச்சாகாத வரலாறு அது. அந்தப் பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றும் முடியாத கதை

இப்போதுதான் எல்லார் வீட்டிலும் குழாய் இருக்கிறதே, பழங்கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 1998-இல் வறட்சியால் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்ததை இங்குள்ள பெற்றோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்தில் ஓர் ஆற்றில் கழிவு கலந்ததால் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. அந்தச் சில நாட்களில் அடுக்குமாடி வீட்டுக்காரர்களும் வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். ஆற்றில் ஒருவன் ஊற்றியது அத்தனை வீட்டுக் குழாயையும் வறளவைத்துவிட்டது.

தண்ணீர் நிற்கும் என்று பயந்து டிரம்மில் பிடித்து மூடாமல் வைத்தால், அதிலும் ஆபத்து. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பிடித்துவைத்த தெளிந்த நீரில்தான் அது முட்டையிடும். நூறு ஆண்டுக்கு முன் வாட்சன் ஓடையில் கண்ட பாடத்தை இன்று நம் குளியலறையிலும் பூந்தொட்டியிலும் மறுபடி படிக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. நம் மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்துவிட்டார்கள். மீதியுள்ள தோட்டங்களில் நம் தாத்தா இருந்த லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். அவர்களும் கடல் கடந்து, வீட்டை விட்டு, கடன் பட்டு வந்தவர்கள்தான். 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2019-இல் திருத்தி, தோட்டத்துக்கு வெளியே தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலை செய்வோரின் தங்குமிடங்களுக்கும் பொருந்தும்படி விரிவாக்கியிருக்கிறார்கள். இது நல்ல செய்தி. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஒரு தலைமுறைக்கு முன் வாளியோடு நின்ற இனம் நாம். இன்று வாளியோடு நிற்பவரைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டால், நம் முன்னோர் பட்ட பாட்டுக்கு என்ன மரியாதை?

அன்பார்ந்த பெற்றோர்களே! பிள்ளை பள்ளிக்கு வரும்போது கொதித்து ஆறிய நீரைப் பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள். பிடித்துவைத்த நீரை மூடிவையுங்கள். அலூரிலும் ஆற்றிலும் குப்பை கொட்டுவதைப் பார்த்தால், "நமக்கென்ன" என்று போகாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களில் ஒருவர் டாக்டராக வரலாம். ஒருவர் பொறியியலாளராக, ஒருவர் சுகாதார அதிகாரியாக, ஒருவர் சட்டம் இயற்றும் இடத்தில் உட்காரலாம். அப்போது ஒரு தண்ணீர்க் குழாயைத் திறக்கும் நேரத்தில் அந்த மூன்றாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள்: இதைச் சுத்தமாக வைத்திருப்பது யார் பொறுப்பு? "என் பொறுப்பும்தான்" என்று உங்களில் பத்துப் பேர் பதில் சொன்னால், உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களுக்கு இந்த விழாவில் வேறு பரிசு வேண்டியதில்லை.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் மாணவர் நலம்!